புடவுக்குள் பாடிய பாட்டு

நாலு வரி போதும் என்று நம் வாட்ஸப் குரூப்பில் கேட்டிருக்கிறீர்கள். மாஸ்டரைப் பற்றி ஒரு நல்ல நினைவு, கூட ஒரு பழைய போட்டோ. நமக்கெல்லாம் கோயில் பாட்டு சொல்லிக்கொடுத்த மாஸ்டர் பிறந்து நூறு வருஷம் ஆகிறதாம். நூற்றாண்டு மலர் போடுகிறீர்களாம். சாந்தோம் மாதா கோயிலில் பழைய பாடகர் குழு மொத்தமும் சேர்ந்து நின்று, அன்றைக்குக் குகைக்குள் பாடின அந்தப் பாட்டையே திரும்பப் பாடப் போகிறதாம். செய்திக்குக் கீழே வரிசையாகக் கைகூப்புகள். அதற்கும் கீழே உங்களில் ஒருத்தி ஒரு வீடியோ போட்டிருந்தாள். பச்சைத் தண்ணீர், மேலே பாறை, பாறை ஓட்டை வழியாக விழுகிற வெயில், ஆரஞ்சுச் சட்டை மாட்டிக்கொண்டு மிதந்தபடி கத்துகிற பையன்கள். 'நாம போன கெபி! ஞாபகம் இருக்கா?' என்று எழுதி ஒரு இதயப் படம்.

இருக்கிறது. உங்களுக்கெல்லாம் அறுபத்தைந்து தாண்டிவிட்டது, எனக்கும்தான். முட்டி வலி, சர்க்கரை, கண்ணில் புரை எல்லாம் போகாமல் இருக்கும்போது ஞாபகம் மட்டும் எப்படி இவ்வளவு சுத்தமாகப் போகிறது என்று தெரியவில்லை. அந்தக் கெபியில், அந்தக் குகைக்குள், ஒரு ஆள் செத்தார். அவர் என் நைனா. உங்கள் செய்தியில் அவரைப் பற்றி ஒரு எழுத்து இல்லை.

அதனால் முழுக்க எழுதுகிறேன். போடுவதும் போடாததும் உங்கள் இஷ்டம். என்னிடம் போட்டோ இல்லை. நைனாவை யாரும் போட்டோ எடுத்ததில்லை.

அப்போது எனக்கு ஒன்பது வயசு. பாடகர் குழுவில் பத்தொன்பது பிள்ளைகள். பதினெட்டுப் பேர் வாத்தியார் வீட்டுப் பிள்ளைகள், ஆபீஸர் வீட்டுப் பிள்ளைகள். மீனவர் குப்பத்திலிருந்து நான் ஒருத்திதான். நான் மணலில் குந்திக்கொண்டு பாடிக்கொண்டிருந்ததை மாஸ்டர் கேட்டு, எங்கள் குடிசைக்கே வந்து அம்மாவிடம் பேசி என்னைக் கூட்டிப் போனார். அதை மறைக்க மாட்டேன். அவருக்கு நல்ல காது. குரல் எங்கே இருந்தாலும் கண்டுபிடிப்பார்.

நான் போய் நின்றதும் நீங்கள் என்ன சொன்னீர்கள் என்பதும் ஞாபகம் இருக்கிறது. "டேய், மார்க்கெட் வந்துடுச்சு, மூக்கைப் புடிச்சிக்கோ." சொன்னவன் ஆர்மோனியப் பெட்டி தூக்கினவன். இன்றைக்குக் குழுவை நடத்துகிற நீதான். எனக்குக் கருவாடு என்று பேர் வைத்ததும் நீதான். நான் அழுதுகொண்டு வந்து நைனாவிடம் சொன்னபோது அவர் வலையைப் பிரித்துக்கொண்டே சிரித்தார். "கருவாடு இல்லாத ஊடு இன்னா ஊடு கண்ணு? அந்தப் பையன் ஊட்டு அடுப்புல போய் மோந்து பாரு, தெரியும்."

நைனா சத்தமாகப் பேசுகிற ஆள் இல்லை. ஆனால் கடலிலிருந்து திரும்பும்போது ஒரு குரல் கொடுப்பார். கட்டுமரம் கரைக்கு வரும்போது, இழுக்க ஆள் வேண்டும் என்று அலைக்கு அந்தப் பக்கமிருந்தே கூப்பிடுவார். 'ஓ' என்று அடி வயிற்றிலிருந்து கிளம்பி, கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறங்கி, கடைசியில் உடைகிற குரல். குப்பத்தில் ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு கூப்பாடு உண்டு. நூறு கூப்பாட்டில் எங்களுடையதை அம்மா கண்டுபிடிப்பாள். நானும் கண்டுபிடிப்பேன். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு வரும்.

அந்த வருஷம் மே மாதம் மாஸ்டருடைய சிநேகிதர் ஒரு பங்குச் சாமியார், மலையடிவாரத்தில் ஒரு சின்ன ஊரில் இருந்தார். அந்த ஊர்க் கோயில் திருவிழாவுக்கு நம் குழுவை அழைத்தார். ஊரில் மூன்று குகைகள் இருக்கின்றன, தண்ணீர் நிறைய நிற்கிறது, உள்ளேயே நீந்தலாம் என்று எழுதியிருந்தார். மாஸ்டருக்குத் தண்ணீர் என்றால் பயம், நீச்சல் தெரியாது. பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஒரு ஆள் வேண்டும். நைனாவைக் கேட்டார். நைனா அதுவரை எழும்பூர் தாண்டிப் போனதில்லை. ரயிலில் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, காய்ந்த வயல்களைப் பார்த்து, "இத்தனை தூரம் வந்தும் தண்ணியே காணோமே, இங்க ஆளுங்க எப்படித்தான் கீறாங்க" என்று கேட்டுக்கொண்டே வந்தார்.

ஊரைப் பார்த்ததும் உங்களுக்கெல்லாம் ஏமாற்றம். வெள்ளைப் பாறை, முள்ளு மரம், ஆட்டுப் புழுக்கை. குகை வாயைப் பார்த்ததும் முண்டியடித்துக்கொண்டு ஓடினோம். வெளியே கல் சுட்டது. நாலு அடி உள்ளே வைத்தால் காலிலிருந்து குளிர் ஏறியது. புதிதாகச் சுண்ணாம்பு அடித்த வீட்டு வாசனையும் வௌவால் நாற்றமும் கலந்து வந்தது. தண்ணீருக்கு அடியில் கல் தெரிந்தது, ஆனால் குதித்தால் கால் எட்டவில்லை. சின்ன மீன்கள் குதிகாலைக் கொத்தின. பெண் பிள்ளைகள் நாங்கள் பாவாடையோடு இறங்கினோம். பாவாடைக்குள் காற்று புகுந்து ஒவ்வொருத்தியும் பூசணிக்காய் மாதிரி மிதந்தோம். வெளியே வந்து காய்ந்தால் கையெல்லாம் வெள்ளை பூத்தது.

நைனா இறங்கி ஒரு கை தண்ணீர் எடுத்துக் குடித்தார். முகத்தைச் சுளித்தார். "இன்னா இது, சப்புனு கீது." கொஞ்ச தூரம் நீந்திப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்து எங்களை வரிசையாக நிற்கவைத்துச் சொன்னார்: "உப்பு இல்லாத தண்ணி ஆளைத் தூக்காது. மெரினாவுல மெதக்கற மாதிரி இங்க மெதக்க முடியாது. கைகாலை ஆட்டிக்கினே இருக்கணும், தெர்தா?" கடலில் முப்பது வருஷம் போன ஆள், அந்தத் தண்ணீரை முதல் நாளே அளந்துவிட்டார். நைனா தெரியாத்தனமாகச் செத்தார் என்று பேசினவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

நாம் கெபி என்றோம். ஊர்க்காரர்கள் புடவு என்றார்கள். மூன்றில் நடுப்புடவுதான் பெரியது. உள்ளே போனதும் இடது பக்கம் மேடை மாதிரி ஒரு பாறை, இருபது பேர் நிற்கலாம். கூரையில் ஒரு ஓட்டை. உச்சி வெயில் நேரத்தில் அதன் வழியாக வெளிச்சம் கம்பம் நட்ட மாதிரி தண்ணீரில் இறங்கும். கொஞ்ச நேரம்தான். பிறகு நகர்ந்து பாறையில் ஏறிப் போய்விடும். வலது பக்கம் கூரை தாழ்ந்து தண்ணீருக்கு ஒரு சாண் உயரத்தில் நிற்கும். அதற்குக் கீழே மூழ்கிப் போனால் அந்தப் பக்கம் இன்னொரு அறை. உள்புடவு. அங்கே வெளிச்சம் இல்லை. பாறையில் நாலைந்து பொந்துகள். ஒன்றுதான் வெளியே வரும் வழி. மற்றதெல்லாம் மலைக்குள் போகும்.

இருட்டில் வழி எப்படித் தெரியும்? அதற்குத்தான் தட்டுக்காரம்மா.

புடவு வாயில் ஒரு அம்மா உட்கார்ந்திருப்பாள். மடியில் ஒரு பித்தளைத் தாம்பாளம், கையில் ஒரு கட்டை. தண்ணீரில் ஒரு ஆள் இறங்கினாலும் தட்ட ஆரம்பிப்பாள். கடைசி ஆள் ஏறும்வரை நிறுத்த மாட்டாள். அவசரம் இல்லாமல், ஒரே அளவில், ட்டங், ட்டங் என்று. அவளுக்கு முன்னால் அவள் மாமியார் தட்டினாளாம். பாசி எடுக்கவும் மீன் பிடிக்கவும் உள்ளே போகிற ஊர் ஆட்கள் அந்தச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டுதான் வெளியே வருவார்கள்.

நைனாவுக்கு அவளை ரொம்பப் பிடித்துவிட்டது. மத்தியானம் அவள் பக்கத்தில் போய்க் குந்திக்கொண்டு பேசுவார்.

"எப்படிம்மா, சத்தம் நாலு பக்கமும் மோதுமே?"

"மோதும். மோதுறதக் கேக்கக் கூடாது. எந்தக் காதுல மொதல்ல விழுவுதோ அந்தப் பக்கம் திரும்பணும். ரெண்டாவதா வர்றது பொய்."

"நம்ம ஐகோர்ட்டு லைட் ஹவுஸ் மாதிரி."

"அது எதுவோ. ஆனா உள்ற யாரும் வாயத் தொறக்கக் கூடாது. ஒரே ஒரு சத்தம்தான் இருக்கணும்."

நைனா ஒருமுறை உள்புடவுக்குள் போய், கண்ணை மூடிக்கொண்டே திரும்பி வந்து காட்டினார். தட்டுக்காரம்மா, "ஊர்ப் பயலுவளவிட வெரசா வந்துட்டியே" என்று சிரித்தாள். நைனாவின் முகத்தில் அப்படி ஒரு பெருமையை அதற்கு முன்னால் நான் பார்த்ததில்லை.

உள்ளே பேசக்கூடாது என்பதை அவள் நம்மிடமும் சொன்னாள். மாஸ்டருக்கு அது வேறு மாதிரி காதில் விழுந்தது. "குகைக்குள்ள ஏதோ சாமி இருக்காம், சத்தம் போட்டா கோவிச்சுக்குமாம்" என்று நம்மிடம் சொல்லிச் சிரித்தார். அவள் சாமி என்ற வார்த்தையே சொல்லவில்லை. கழுத்தில் தாலிக் கயிறும் நெற்றியில் விபூதியும் இருந்த அம்மா சொன்னதால், அது மூடநம்பிக்கைதான் என்று அவர் முடிவு செய்துவிட்டார். ஞானோபதேச வகுப்பில் சொல்லிக்கொடுக்கிற மாதிரி, "நாம செபம் பண்றவங்க, நமக்கு இந்தப் பயமெல்லாம் கிடையாது" என்றார். நாமும் சிரித்தோம். நானும் சிரித்தேன்.

கடைசி நாள் திருவிழாப் பூசை. நைனா குளித்து, மாஸ்டர் கொடுத்த பழைய வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்து, வரிசையில் நின்று, சாமியார் நாக்கில் வைத்த அப்பத்தை, நன்மையை, வாங்கினார். நீங்கள் எல்லாரும் பீடத்துக்குப் பக்கத்தில் பாடிக்கொண்டு நின்றீர்கள், பார்த்தீர்கள். அந்தக் காலத்தில் நம் ஆட்கள் நன்மை வாங்க முந்தின நாளிலிருந்தே பட்டினி கிடப்பார்கள். நைனா குடிப்பார். இல்லை என்று சொல்ல எனக்குப் பைத்தியமில்லை. அன்றைக்குக் குடிக்கவில்லை. நன்மை வாங்குகிற நாளில் அவர் பீடியைக்கூடத் தொட மாட்டார்.

பூசை முடிந்ததும் மாஸ்டர் எல்லோரையும் நடுப்புடவுக்குக் கூட்டிப் போனார். வெளிச்சம் இறங்குகிற நேரத்தில் அந்த நாலு குரல் பாட்டை உள்ளே நின்று பாட வேண்டும், எதிரொலி எப்படி வருகிறது என்று கேட்க வேண்டும். மூன்று நாளாக அதே பேச்சாக இருந்தார். தட்டுக்காரம்மா வாசலில் மறித்தாள்.

"பாடறதுன்னா தண்ணியில ஆளு இல்லாதப்ப பாடுங்க சாமி."

"எல்லாரும் மேலதாம்மா நிப்பாங்க. யாரும் இறங்க மாட்டாங்க."

அவள் வழி விட்டாள். நாம் மேடையில் ஏறி நின்றோம். நைனா ஓரத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். வெளிச்சம் இறங்கியது. மாஸ்டர் சட்டைப்பையிலிருந்து சுருதிக் குழலை எடுத்தார். வட்டமாக, பொடி டப்பா மாதிரி, வெள்ளையாகப் பளபளக்கும். ஊதினால் ஆரம்ப சுரம் கொடுக்கும். யாரோ வெள்ளைக்காரச் சாமியார் அவருக்குக் கொடுத்தது. ஊதிவிட்டுத் திரும்பப் பையில் போடும்போது நழுவியது. பாறையில் ஒரு முறை பட்டு, உருண்டு, தண்ணீரில் விழுந்தது.

மாஸ்டர் முகம் செத்துப் போனது. நைனாவைப் பார்த்தார், அவ்வளவுதான். நைனா வெள்ளைச் சட்டையைக் கழற்றி மடித்து என் கையில் கொடுத்தார். "நனைஞ்சிடப் போவுது, பத்ரமா வச்சுக்க" என்று சொல்லிவிட்டு இறங்கினார். வெளியே தட்டு ஆரம்பித்தது. நைனா ஒருமுறை மூழ்கி எழுந்து, வெறும் கையைக் காட்டினார். "சரிவு உள்ளாறப் போவுது மாஸ்டர். அங்க போய்க் கீது போல." மூச்சை இழுத்துக்கொண்டு வலது பக்கம் போனார். கூரைக்குக் கீழே அவர் பாதம் வெள்ளையாக ஒருமுறை தெரிந்தது.

நாம் காத்திருந்தோம். ட்டங், ட்டங். வெளிச்சம் நகர ஆரம்பித்தது. தண்ணீரின் நடுவிலிருந்து ஓரத்துக்கு வந்துவிட்டது. மாஸ்டர் அதைப் பார்த்தார், வலது பக்கம் பார்த்தார், மறுபடி வெளிச்சத்தைப் பார்த்தார். உங்களில் ஒருத்தி, "மாஸ்டர், அங்கிள் இன்னும் வரலையே" என்று கேட்டாள். யார் என்று உனக்கே தெரியும்.

"கடல்காரனுக்கு இதெல்லாம் ஒரு தண்ணியா? அவன் வரட்டும். நாம ஆரம்பிப்போம்."

வாயாலேயே சுருதி கொடுத்தார். பாடினோம்.

நன்றாக இருந்தது. அதையும் மறைக்க மாட்டேன். பத்தொன்பது பிள்ளைகள் பாடினது நூறு பேர் பாடின மாதிரி பாறையிலிருந்தும் தண்ணீரிலிருந்தும் திரும்பி வந்தது. எனக்கு உடம்பு சிலிர்த்தது. தட்டுச் சத்தம் அதற்குள் எங்கேயோ போய்விட்டது. கேட்கவே இல்லை. நான் அதைத் தேடக்கூட இல்லை.

இரண்டாவது சரணத்தில் மாஸ்டர் நெற்றியைச் சுருக்கினார். தலையைச் சாய்த்துக் கேட்டார். ஒரு குரல் பிசகியது. கீழே, சுருதியை விட்டு, தனியாக ஒரு குரல். எங்கிருந்து வருகிறது என்று தெரியாத மாதிரி எல்லாப் பக்கமிருந்தும் வந்தது. மாஸ்டருடைய கண் வரிசையாக எல்லார் வாயையும் பார்த்துக்கொண்டே வந்து என்னிடம் நின்றது. விரலை நீட்டி, பிறகு அந்த விரலை உதட்டில் வைத்தார். நீதான். மூடு.

மூடினேன். வாயை மூடின பிறகுதான் எனக்குத் தெளிவாகக் கேட்டது. 'ஓ' என்று கிளம்பி, கீழே இறங்கி, கடைசியில் உடைகிற குரல்.

மூன்று தடவை கேட்டது. மூன்றாவது தடவை உடைந்த இடத்தில் நின்றுவிட்டது.

மாஸ்டர் விரல் உதட்டில் இருந்தது. நான் சட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மீதிப் பாட்டு முடிகிறவரை நின்றேன். ஒன்பது வயசு என்று எல்லாரும் எனக்குச் சமாதானம் சொல்லியிருக்கிறார்கள். அந்தச் சமாதானம் எனக்கு வேண்டாம். எனக்குத் தெரியும், நான் நின்றேன்.

பாட்டு முடிந்தது. மாஸ்டர் கண்ணில் தண்ணீர். நீங்கள் கை தட்டினீர்கள். கைதட்டல் அடங்கின பிறகு மறுபடி கேட்டது, ட்டங், ட்டங், ட்டங். இப்போது வேகமாக. வெறி பிடித்த மாதிரி.

"மாஸ்டர், நைனா கூப்புட்டாரு."

"யாரும் கூப்பிடல. அது எதிரொலி."

தட்டுக்காரம்மா ஊர் ஆட்களைக் கத்திக் கூப்பிட்டாள். இரண்டு பேர் இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு போனார்கள். நைனாவை வழி இல்லாத பொந்திலிருந்து எடுத்து வந்தார்கள். வெளியே வரும் பொந்துக்கு அடுத்த பொந்து அது. தலையில் பாறை கீறியிருந்தது. வலது கை மூடியிருந்தது. அதற்குள் சுருதிக் குழல் இருந்தது. உள்ளே அதை ஊதியும் பார்த்தாரோ என்னவோ. தண்ணீர் புகுந்த குழல் சத்தம் கொடுக்காது. மாஸ்டரே முட்டி போட்டு, விரல் விரலாகப் பிரித்து அதை எடுத்தார். துடைத்துப் பையில் போட்டுக்கொண்டார்.

பிறகு எழுந்து போய்த் தட்டுக்காரம்மாவைப் பார்த்து, "நீ தூங்கிட்டியா? எதுக்கு நிறுத்துன?" என்று கத்தினார். அவள் கட்டையைக் கீழே வைக்காமல் அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

"நான் நிறுத்தல சாமி. நீங்கதான் நிறுத்தல."

மாஸ்டர் அவள் கையிலிருந்து தாம்பாளத்தைப் பிடுங்கித் தண்ணீரில் வீசினார். அது பக்கவாட்டில் சாய்ந்து சாய்ந்து கீழே போனது. பச்சைத் தண்ணீரில் ரொம்ப நேரம் மஞ்சளாகத் தெரிந்தது. நீங்கள் எல்லாரும் அதைப் பார்த்தீர்கள். அவள் சொன்னதையும் கேட்டீர்கள்.

சாயந்திரம் போலீஸ் வந்தபோது மாஸ்டர் சொன்னார்: "கொஞ்சம் போட்டிருந்தான்னு நினைக்கிறேன். குப்பத்து ஆளு, பழக்கம் உண்டு. அந்தம்மாவும் கண் அசந்துட்டாங்க." எழுதிக்கொண்டு போனார்கள். நம்மை யாரும் கேட்கவில்லை. நாமும் சொல்லவில்லை.

அதற்கப்புறம் நடந்ததை நீளமாகச் சொல்ல ஒன்றுமில்லை. கடல்காரன் குட்டையில் செத்தான் என்று குப்பத்திலேயே சிரித்தார்கள். தண்ணியில் போனவன் தண்ணியிலேயே போனான் என்றார்கள். அம்மா மீன் கூடை தூக்கினாள். நான் விஷயத்தைச் சொன்னபோது வாயிலேயே அடித்தாள், "அவரு உன்னை போர்டிங்ல சேத்து விடறேன்னு சொல்லிக்கீறாரு, கெடுத்துக்காத" என்று. மாஸ்டர் சொன்னபடி சேர்த்துவிட்டார். பத்தாவது வரை படித்தேன். இப்போது இவ்வளவு எழுதுகிறேன் என்றால் அதனால்தான். அம்மா சாகும்வரை அவரைப் பார்த்தால் எழுந்து நிற்பாள். நான் அதற்கப்புறம் பாடவில்லை. என் பிள்ளைக்குத் தாலாட்டுகூடப் பாடவில்லை.

ராயப்பேட்டையில் ஒரு நர்ஸிங் ஹோமில் முப்பது வருஷம் ஆயாவாக இருந்தேன். மாஸ்டரைக் கடைசி காலத்தில் அங்கேதான் கொண்டுவந்து போட்டார்கள். என் வார்டு. என்னை அடையாளம் தெரிந்துகொண்டார். ஒரு வாரம் வாயைத் திறக்கவில்லை. ஒரு மத்தியானம் நான் முதுகைத் துடைத்துக்கொண்டிருந்தபோது சுவரைப் பார்த்தபடி கேட்டார்.

"அன்னிக்குச் சுருதி விட்டது நீ இல்லல்ல?"

"இல்ல மாஸ்டர். நான் என்னிக்குமே சுருதி விட்டதில்ல."

"தெரியும். அன்னிக்கே தெரியும்."

அவ்வளவுதான் பேசினோம். பவுடர் போட்டு, துணி மாற்றி, திருப்பிப் படுக்கவைத்தேன். கொஞ்சம் முரட்டுத்தனமாகத்தான் திருப்பினேன். வலித்திருக்கும். நாலு நாளில் போய்விட்டார். நீங்கள் எல்லாரும் வந்து அழுதீர்கள்.

தெரியாமல் செய்ததை மன்னிக்கலாம். அவருக்குத் தெரிந்திருந்தது. குரல் எங்கே இருந்தாலும் கண்டுபிடிக்கிற காது அது. தெரிந்தும் அத்தனை வருஷம் என் நைனா குடிகாரனாகவும் அந்த அம்மா தூங்குமூஞ்சியாகவும் இருக்கட்டும் என்று விட்டுவிட்டார்.

உங்கள் வீடியோவைப் பார்த்தபின் போன மாதம் அந்த ஊருக்குப் போனேன். மகன் வேண்டாம் என்றான். தனியாகப் போனேன். டிக்கெட் கொடுக்கிறார்கள். பையன்கள் ஸ்பீக்கர் பெட்டியை உள்ளே கொண்டுபோய் அலறவிட்டுக் குளிக்கிறார்கள். உள்புடவுக்குக் கம்பி போட்டு அடைத்துவிட்டார்கள். வாசலில், தட்டுக்காரம்மா உட்கார்ந்த இடத்தில், ஒரு பெண் வெள்ளரிக்காய் விற்கிறாள். ஐம்பது வயசு இருக்கும். விசாரித்தேன்.

"எங்க பெரியம்மாதான். அதுக்கப்புறம் ஊருல அவங்களத் தட்ட விடல. ஆளக் கொன்னவளுன்னு சொல்லிட்டாங்க. யாரு எதுக்க வந்தாலும், 'நான் நிறுத்தல'ன்னு சொல்லுவாங்க. நாம ஒண்ணும் கேக்காமயே சொல்லுவாங்க. சாவுற வரைக்கும் அதான்."

"உங்க பெரியம்மா நிறுத்தலம்மா. எனக்குத் தெரியும். நான் அங்க இருந்தேன்."

அவள் வெள்ளரிக்காயை நறுக்குவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள்.

"அத அப்பவே வந்து சொல்லியிருக்கலாமில்ல."

பஸ் ஏறி வந்துவிட்டேன்.

மலரில் இரண்டு விஷயம் போடுங்கள். அந்த மீனவர் அன்றைக்குக் குடிக்கவில்லை. அந்த அம்மா தட்டுவதை நிறுத்தவில்லை. இவ்வளவுதான் கேட்கிறேன். மாஸ்டருடைய சுருதிக் குழலைக் கண்ணாடிப் பெட்டியில் வைக்கப் போவதாக எழுதியிருக்கிறீர்கள். வையுங்கள். யார் கையிலிருந்து பிரித்து எடுத்தது என்று கீழே ஒரு சீட்டு எழுதி ஒட்டுங்கள்.

மாட்டீர்கள் என்று தெரியும். 'பழசை ஏன் கிளறணும்' என்று ஒரு குரல் பதிவு இந்நேரம் தயாராகிக்கொண்டிருக்கும். அதை நான் கேட்க மாட்டேன்.

நீங்கள் பாடப் போகிற ஞாயிற்றுக்கிழமை சாயந்திரம் வருவேன். கவர்மெண்டு குப்பத்தைக் காலி பண்ணி எங்களைக் கொண்டுபோய் வைத்திருக்கிற இடத்திலிருந்து சாந்தோமுக்கு இரண்டு பஸ் மாற வேண்டும், முன்னாலேயே கிளம்பிவிடுவேன். உங்களோடு நிற்க மாட்டேன். வாசல் ஓரம் கடைசி பெஞ்சில் உட்காருவேன். பையில் எங்கள் வீட்டு எவர்சில்வர் சோற்றுத்தட்டும் ஒரு கரண்டியும் இருக்கும். நீங்கள் அந்தப் பாட்டை ஆரம்பித்ததும் தட்ட ஆரம்பிப்பேன். அவசரம் இல்லாமல், ஒரே அளவில். நீங்கள் நிறுத்துகிறவரை நானும் நிறுத்த மாட்டேன்.

யாருக்குச் சுருதி பிசகினாலும் எனக்குக் கவலை இல்லை.